நெஞ்சு வலித்தால் முதலில் ஈசிஜி, பிறகு பெரிய ஆஸ்பத்திரி

கடலூரில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால், கொஞ்சம் வசதி உள்ள குடும்பம் எடுக்கிற முதல் முடிவு "நேராகப் பாண்டிச்சேரிக்கே போய்விடலாம்" என்பதுதான். அரசு தலைமை மருத்துவமனை கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் அதைக் கடந்து கார் பெண்ணையாற்றுப் பாலம் ஏறிவிடும். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் தாண்டி அரியாங்குப்பத்தில் ஊர்ந்து போகத் தொடங்கும். முருங்கப்பாக்கத்தில் நெரிசல், மரப்பாலத்தில் சிக்னல், இந்திரா காந்தி சிலையருகே சிக்னல், ராஜீவ் காந்தி சிலையருகே சிக்னல். கோரிமேட்டில் ஜிப்மர் என்ற மத்திய அரசின் பெரிய மருத்துவமனை வாசலை எட்டும்போது வலி தொடங்கி இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோ ஆகியிருக்கும். அத்தனை நேரமும் இதயத் தசை இறந்துகொண்டே வந்திருக்கிறது.

ஜிப்மர்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. இந்த வட்டாரத்து ஏழை மக்களுக்கு அது எத்தனை பெரிய ஆதரவு என்பதை அருகிலிருந்து பார்த்தவள் நான். ஆனால் மாரடைப்பு வந்தவருக்கு முதலில் தேவைப்படுவது ஒரு ஈசிஜி இயந்திரமும், அதைப் படிக்கத் தெரிந்த ஒரு மருத்துவரும், ரத்தக்கட்டைக் கரைக்கும் ஓர் ஊசியும்தான். இம்மூன்றும் எங்கே அருகில் கிடைக்குமோ அங்கேதான் முதலில் போக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி அதற்கு அடுத்த படி. பணிக்காலத்தின் பெரும்பகுதியை இந்தக் கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் அவசர சிகிச்சைப் பிரிவிலும் இதய வார்டிலும் செவிலியராகக் கழித்துவிட்டு, இப்போது திருப்பாப்புலியூரில் ஓய்வாக இருக்கிறேன். தெருவில் யாருக்காவது நெஞ்சு வலி என்றால் இன்றும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். அவர்களிடம் வாசலில் நின்றபடி அவசரமாகச் சொல்வதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

மாரடைப்பு எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் நாளங்களின் உட்சுவரில் கொழுப்பு பல வருடங்களாகப் படிந்திருக்கும். ஒரு நாள் அந்தப் படிவின் மேல்தோல் வெடிக்கிறது. வெடித்த இடத்தைக் காயம் என்று உடல் எடுத்துக்கொண்டு அங்கே ரத்தத்தை உறையவைக்கிறது. சில நிமிடங்களில் நாளம் முழுதாக அடைபடுகிறது. அந்த நாளத்தை நம்பியிருந்த தசை அரை மணி நேரத்துக்குள் இறக்கத் தொடங்கும். உட்புறத்தில் தொடங்கும் சாவு வெளிப்புறம் நோக்கி மணிக்கணக்கில் பரவும். இறந்த இதயத் தசை மீண்டும் முளைப்பதில்லை. அந்த இடத்தில் தழும்பு மட்டுமே உண்டாகும். அதனால்தான் முதல் சில மணி நேரத்துக்கு இத்தனை மதிப்பு.

அடைப்பைத் திறக்க இரண்டு வழிகள் உள்ளன. கையிலோ தொடையிலோ உள்ள நாளம் வழியாகக் குழாய் செலுத்தி, பலூனால் திறந்து ஸ்டென்ட் என்ற சிறிய வலைக்குழாயை வைப்பது ஒன்று. ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டிபிளேஸ் போன்ற மருந்தை நரம்பில் செலுத்தி ரத்தக்கட்டைக் கரைப்பது மற்றொன்று. உடனே கிடைக்கும் என்றால் பலூன் சிகிச்சையே மேல். ஆனால் நோயைக் கண்டுபிடித்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அது நடக்க வழியில்லை என்றால் காத்திருக்காமல் ஊசியைப் போட்டுவிட வேண்டும் என்பதே உலகெங்கும் உள்ள வழிகாட்டுதல். வலி தொடங்கிய 12 மணி நேரம் வரை ஊசி போடலாம். முதல் மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் கிடைக்கும் பலன் பலூன் சிகிச்சைக்கு ஏறக்குறைய இணையானது. ஊசி போட்டபின், இதய நாளங்களைப் படமெடுத்துப் பார்க்கும் ஆஞ்சியோகிராம் வசதியுள்ள இடத்துக்கு மாற்றி, ஒரு நாளுக்குள் அதைச் செய்தால் போதும். ஊசி வேலை செய்யவில்லை, வலி குறையவில்லை என்றால் அதை உடனே செய்ய வேண்டும்.

இதைத் தமிழ்நாட்டிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். சிறிய மருத்துவமனைகளையும் பெரிய மையங்களையும் ஆம்புலன்ஸையும் ஒரே வலையாக இணைத்து, சிறிய இடத்தில் ஊசியைப் போட்டுவிட்டுப் பெரிய இடத்துக்கு அனுப்பும் முறை. இரண்டாயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த அந்த ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. இந்த முறை வருவதற்கு முன்பு ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம். வந்தபின் 14.2 சதவீதம். புதிய மருந்தோ புதிய கருவியோ இல்லாமல், இருப்பவற்றை ஒழுங்காகக் கோத்ததாலேயே நூற்றுக்கு மூன்று உயிருக்கு மேல் மிஞ்சியிருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பேருக்கு மாரடைப்பு வருகிறது என்று யோசித்தால் அந்த மூன்றின் அளவு புரியும்.

மாத்திரையின் வலிமையையும் சொல்ல வேண்டும். 1988இல் வெளியான ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். ஆஸ்பிரினும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் சேர்த்துக் கொடுத்தபோது முதல் ஐந்து வாரங்களில் இதய, ரத்தநாள நோயால் இறந்தவர்கள் 13.2 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைந்தார்கள். அந்தப் பலனில் ஏறக்குறைய பாதி ஆஸ்பிரின் என்ற மலிவான மாத்திரையால் வந்தது. தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின் அடிப்படையும் இதுதான். மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவருக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோகிரெல் நான்கு, கொழுப்பைக் குறைக்கும் அடார்வாஸ்டாட்டின் எட்டு என 14 மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துவிட்டு மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். "சின்ன ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்துத் துரத்திவிட்டார்கள்" என்று கோபப்பட்ட உறவினர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: அந்த மாத்திரைகள்தான் உங்கள் நோயாளிக்குக் கிடைத்த முதல் சிகிச்சை, அதைக் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லுங்கள்.

சாலையில் போகும் நேரத்தைவிட வீட்டுக்குள் போகும் நேரம் பெரிது. வலி வந்ததும் எல்லா வீட்டிலும் முதலில் வரும் பெயர் 'கேஸ்'. இஞ்சிச் சாறு, ஓமத் தண்ணீர், சோடா, ஜெலுசில் என்று ஒவ்வொன்றாக நடக்கும். ஏப்பம் வந்துவிட்டால் நிம்மதி. கொஞ்ச நேரத்தில் மறுபடி வலி. இந்தக் குழப்பத்துக்கு உடற்கூறிலேயே காரணம் இருக்கிறது. இதயத்தின் அடிச்சுவர் உதரவிதானத்தின்மேல், அதாவது வயிற்றுக்கு நேர் மேலே, படிந்திருக்கிறது. அந்தப் பகுதியில் மாரடைப்பு வந்தால் மேல் வயிற்றில் எரிச்சல், குமட்டல், வாந்தி என்று வயிற்றுக் கோளாறின் முகத்தோடுதான் வரும். ஏப்பம் வந்ததாலோ வாந்தி எடுத்ததும் லேசாக இருப்பதாலோ அது கேஸ் என்று முடிவாகிவிடாது. நாற்பது வயதைத் தாண்டியவர், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர், புகைப்பவர் ஆகிய யாருக்கும் மேல் வயிற்றிலோ நெஞ்சிலோ புதிதாக ஓர் அழுத்தம் வந்து, வியர்த்துக் கொட்டி, கால் மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் ஈசிஜி எடுக்கும்வரை அது இதயம்தான். முதல் ஈசிஜி சரியாக இருந்து வலி மட்டும் தொடர்ந்தால் மறுபடி எடுக்க வேண்டும். இதை நீங்களே கேட்கலாம், தவறில்லை.

சர்க்கரை நோய் நீண்ட நாளாக உள்ளவர்களுக்கு வலியே வராமல் போகலாம். வலியை உணர்த்தும் நரம்புகள் அவர்களுக்கு மழுங்கியிருக்கும். திடீர் மூச்சிரைப்பு, காரணமில்லாத வியர்வை, கிறுகிறுப்பு, நடக்கமுடியாத களைப்பு இவைதான் அடையாளம். பெண்களுக்கும் பல நேரங்களில் இப்படித்தான் வருகிறது: தாடையில், முதுகில், இரண்டு தோள்களுக்கு நடுவில். ஒரு பெண்மணி காலையிலிருந்து முதுகு வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டு, வீட்டில் எல்லாருக்கும் சமைத்து வைத்து, பாத்திரம் துலக்கி முடித்து, மாலையில் மகன் வேலையிலிருந்து வந்தபின் "கொஞ்சம் டாக்டரைப் பார்க்கலாமா" என்று கேட்டிருக்கிறார். வார்டுக்கு வந்தபோது நாடித்துடிப்பு பிடிபடவில்லை. இப்படி வந்த பெண்களை நான் வரிசையாகப் பார்த்திருக்கிறேன். ஆண்களுக்கு வலி வந்தால் வீடே ஓடுகிறது. பெண்களுக்கு வலி வந்தால் அவர்கள் வேலை முடியும்வரை வலியும் காத்திருக்க வேண்டும் என்று அவர்களே நினைக்கிறார்கள். எனக்கு ஆறாத கோபம் இதில்தான். அம்மாவோ மாமியாரோ "ஒன்றுமில்லை, சரியாகிவிடும்" என்று சொன்னால் அந்தச் சொல்லை நம்பாதீர்கள். முகத்தையும் வியர்வையையும் பாருங்கள்.

இன்னொரு தாமதம் அனுமதிக்காகக் காத்திருப்பது. சென்னையில் இருக்கும் மகனுக்குப் போன், சிங்கப்பூரில் இருக்கும் மருமகனுக்குப் போன், "எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று ஒரு மாநாடு. இரவென்றால் "விடியட்டும்". கிளம்பிய பிறகு வண்டியில் இருந்தபடியே எல்லாருக்கும் சொல்லலாம்.

108ஐ அழையுங்கள். அதில் பயிற்சி பெற்ற உதவியாளர் இருக்கிறார், ஆக்சிஜன் இருக்கிறது, முன்கூட்டியே மருத்துவமனைக்குத் தகவல் போகிறது. வண்டி வரும்வரை நோயாளியைச் சாய்ந்து உட்காரவையுங்கள். நடக்கவிடாதீர்கள், மாடிப்படி இறங்கவிடாதீர்கள், இரு சக்கர வண்டியில் நடுவில் உட்கார்த்தி அழைத்துப்போகாதீர்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையும் ரத்தக்கசிவும் இல்லாதவர் என்றால், பக்கவாத அறிகுறியும் இல்லையென்றால், சுமார் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லலாம். அழைப்பை எடுப்பவரிடமோ மருத்துவரிடமோ கேட்டுக்கொண்டு கொடுப்பது நல்லது. ஏனென்றால் சிலருக்கு நெஞ்சு வலி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் சுவர் கிழிவதால் வரும். முதுகுவரை கிழித்துக்கொண்டு போகிற, ஆரம்பத்திலேயே உச்சத்தில் இருக்கிற வலி அது. அங்கே ரத்தத்தை இளக்கும் எந்த மருந்தும் ஆபத்து.

நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையைப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அது நாளங்களை விரிக்கும். உறைந்த ரத்தக்கட்டைக் கரைக்காது. இதயத்தின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டிருந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும். ஆண்மைக்குறைவுக்கான மாத்திரை போட்டவருக்கும் அதே கதிதான், அதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள் என்பதால் ஆபத்து இன்னும் கூடுதல். தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள் என்று கைபேசியில் சுற்றும் செய்தியையும் நம்பாதீர்கள். இருமிக் கழிக்கும் நேரத்தில் 108 என்ற மூன்று எண்களை அழுத்தலாம்.

மாரடைப்பும் இதயத் துடிப்பு நின்றுபோவதும் வேறு வேறு. மாரடைப்பு வந்தவர் பேசிக்கொண்டிருப்பார். துடிப்பு நின்றவர் பொத்தென்று விழுவார், கூப்பிட்டால் அசைவிருக்காது, மூச்சு இருக்காது அல்லது மீன் வாயைத் திறப்பதுபோல எப்போதாவது ஒரு திணறல் மட்டும் இருக்கும். அந்தத் திணறலை "மூச்சு இருக்கிறது" என்று எடுத்துக்கொண்டு பலர் காத்திருந்துவிடுகிறார்கள். மாரடைப்பின் முதல் மணி நேரத்தில் இறப்பவர்களில் பெரும்பாலோர் இதனால்தான் இறக்கிறார்கள். இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகி, துடிப்பதற்குப் பதிலாக வெறுமனே நடுங்கும். மின் அதிர்ச்சி கொடுத்தால்தான் அது அடங்கும். அது கிடைக்கும்வரை மூளைக்கு ரத்தத்தை அனுப்ப ஒரே வழி, மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்துவது. குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக எழும்ப விட்டு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், இல்லாவிட்டால் கை ஓய்ந்துவிடும். விலா எலும்பு முறியலாம், முறியட்டும். வாயோடு வாய் வைத்து ஊதத் தயக்கம் என்றால் அழுத்துவதை மட்டும் நிறுத்தாமல் செய்யுங்கள். எதுவுமே செய்யாமல் நின்றால் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏழு முதல் பத்து சதவீதம் குறைகிறது.

திறந்த மார்பில் கைவிட்டுப் பிசைய வேண்டியதில்லை, வெளியிலிருந்தே அழுத்தலாம் என்று அமெரிக்காவில் மூன்று பேர் எழுதிக் காட்டியது 1960இல். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் காலையில் நடக்க வரும் கூட்டத்தில் இதைச் செய்யத் தெரிந்தவர் எத்தனை பேர்? புதுச்சேரி கடற்கரைச் சாலையில்? காந்தி சிலையருகே தானியங்கி மின் அதிர்ச்சிக் கருவி ஒன்று சுவரில் தொங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பொத்தானை அழுத்தினால் அதுவே என்ன செய்ய வேண்டும் என்று பேசும் கருவி அது. பள்ளிக்கூடங்களில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த அழுத்தத்தைக் கற்றுக்கொடுக்க ஒரு மதிய வேளை போதும்.

அடைப்பைத் திறந்தாகிவிட்டது, ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, வலி இல்லை என்றதும் உறவினர்கள் முகத்தில் வரும் நிம்மதியைக் கலைக்க எனக்கு மனம் வராது. ஆனாலும் முதல் வாரத்தைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் இரண்டு நாட்கள் துடிப்புக் கோளாறுக்கான காலம். அதனால்தான் மானிட்டரில் கட்டிப்போட்டிருக்கிறார்கள், எழுந்து கழிப்பறைக்குப் போகக்கூடாது என்கிறார்கள். அடிச்சுவரில் மாரடைப்பு வந்தவருக்குத் துடிப்பு மிகக் குறைந்துபோகலாம், துடிப்பைத் தூண்டும் பேஸ்மேக்கர் கருவி தற்காலிகமாகத் தேவைப்படலாம், பெரும்பாலும் சில நாட்களில் சரியாகும். தசையின் பெரும்பகுதி போய்விட்டால் இதயத்தால் ரத்த அழுத்தத்தையே தாங்கிப்பிடிக்க முடியாது. கை கால் சில்லிட்டு, சிறுநீர் நின்று, நினைவு மங்கும். அந்த நிலையை எட்டியவர்களில் பாதிப் பேரைக் காப்பாற்றுவதே இன்றும் பெரிய காரியம்.

மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை இன்னோர் ஆபத்து. இறந்த தசை அப்போது மிக மெலிந்து போயிருக்கும். கீழறைகளுக்கு நடுவில் உள்ள சுவர் கிழியலாம், வால்வைத் தாங்கும் தசை அறுந்துபோகலாம், வெளிச்சுவரே உடையலாம். ஒரு மீனவர் நினைவுக்கு வருகிறார். படகில் வலை இழுக்கும்போது வலி வந்திருக்கிறது. தசைப்பிடிப்பு என்று நினைத்துக் கரைக்கு வந்து, குடித்துவிட்டுப் படுத்து, மறுநாள் மாலை வந்தார். ஊசி போடும் நேரம் கடந்துவிட்டது. ஆனாலும் தெம்பாகத்தான் இருந்தார், "என்னை எப்போது சிஸ்டர் அனுப்புவீர்கள், வலை அங்கே கிடக்கிறது" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான்காம் நாள் விடியற்காலையில் திடீரென்று மூச்சு வாங்கியது. மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும், முந்தின நாள் இல்லாத ஓர் இரைச்சல் மார்பெங்கும் கேட்டது. நடுச்சுவர் கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சைக்கு அனுப்ப ஏற்பாடு செய்வதற்குள் முடிந்துவிட்டது. இப்படிக் கிழிவது தாமதமாக வந்தவர்களிடம்தான் அதிகம். சீக்கிரம் நாளத்தைத் திறந்தவர்களிடம் இது அரிதாகிவிட்டது.

பிழைப்பாரா என்ற கேள்விக்கு 1967இல் கில்லிப், கிம்பால் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் ஸ்டெதஸ்கோப்பை வைத்தே ஒரு விடை கண்டார்கள். நுரையீரலில் நீர் கோத்த சத்தம் இல்லாதவர்களில் 6 சதவீதம் பேர் இறந்தார்கள். லேசாக நீர் கோத்தவர்களில் 17, நுரையீரல் முழுக்க நீர் நிறைந்தவர்களில் 38, ரத்த அழுத்தம் விழுந்துவிட்டவர்களில் 81. ஊசியும் பலூனும் வருவதற்கு முந்தைய காலத்துக் கணக்கு அது, இன்று எல்லா எண்களும் வெகுவாகக் குறைந்துவிட்டன. அந்த வரிசை மட்டும் இன்னும் மாறவில்லை. மருத்துவர் முதலில் முதுகில் வைத்துக் கேட்பது எதை என்று இனி உங்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு வருவது 'பம்பிங்', அதாவது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியேற்றுகிறது என்ற கணக்கு. எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்ததும் குடும்பம் முழுக்க இந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொள்ளும். "பம்பிங் 30தான் இருக்கிறதாம் சிஸ்டர், இன்னும் எவ்வளவு நாள்?" முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நல்ல இதயமும் நூறு சதவீதம் வெளியேற்றுவதில்லை. 55 முதல் 70 வரை இருந்தால் அது ஆரோக்கியம். அடுத்து, மாரடைப்பு வந்த வாரத்தில் எடுக்கும் எண் கடைசித் தீர்ப்பு ஆகாது. இறந்த தசைக்கு அருகில், உயிரோடு இருந்தும் அதிர்ச்சியில் வேலைநிறுத்தம் செய்த தசை நிறைய இருக்கும். ரத்த ஓட்டம் திரும்பியபின் வாரக்கணக்கில் அது மெல்ல எழுந்து வேலைக்குத் திரும்பும். அதனால்தான் உடலுக்குள் மின் அதிர்ச்சிக் கருவி பொருத்துவதா என்ற முடிவைக்கூட மாரடைப்பு வந்து 40 நாட்களுக்கு முன்பும், ஸ்டென்ட் வைத்து மூன்று மாதங்களுக்கு முன்பும் பொதுவாக எடுப்பதில்லை. இரண்டாம் நாள் எண்ணை வைத்துக்கொண்டு நிலத்தை விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன், உயில் எழுதச் சொல்லி நோயாளியைக் கலங்கடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் மருந்தைச் சரியாகக் கொடுத்துவிட்டு மறுபடி எக்கோ எடுங்கள். அப்போதும் 35 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மட்டும் திடீர் மரணத்தின் ஆபத்தைப் பற்றி மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

இதயம் பலவீனமானவர்களைப் பற்றி மருத்துவர்கள் பல நேரம் பூசி மெழுகிப் பேசுகிறார்கள். நான் உள்ளதைச் சொல்கிறேன். இதயச் செயலிழப்பு என்று கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள். பல புற்றுநோய்களைவிட இது மோசமான கணக்கு. இன்று இதற்கென நான்கு வகை மருந்துகள் இருக்கின்றன. நான்கையும் சேர்த்து, அளவை மெல்ல மெல்ல உயர்த்தி, விடாமல் எடுத்தவர்கள் அந்தக் கணக்கை மீறி வாழ்கிறார்கள். படியேற முடியாதவர் கோயில் சுற்றி வருவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். "இப்போதுதான் நன்றாக இருக்கிறேனே" என்று அவர்களாகவே மருந்தை நிறுத்தியபோது மறுபடி நுரையீரலில் நீரோடு வந்ததையும் கண்டிருக்கிறேன்.

கடலூர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு, கருவாடு. நெத்திலிக் கருவாடும் வாளைக் கருவாடும் இல்லாத சாப்பாட்டை இங்கே பலர் சாப்பாடாகவே எண்ணுவதில்லை. உப்பு உடலில் நீரைப் பிடித்துவைக்கிறது, பலவீனமான இதயத்தால் அந்த நீரை இழுத்து வெளியேற்ற முடியாது, அது நுரையீரலில் போய்ச் சேர்கிறது. ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு, திங்கட்கிழமை இரவு மூச்சுத்திணறலோடு அவசரப் பிரிவு என்பது எங்கள் வார்டில் பழகிப்போன வரிசை. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், மிக்சர் எல்லாம் அதே கணக்குதான். வீட்டில் ஓர் எடை இயந்திரம் வாங்கிவையுங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுவதற்கு முன் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதை இல்லை, நீர். கால் வீங்குவதற்கு முன்பே, படுக்க முடியாமல் தலையணையை உயர்த்துவதற்கு முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்கே மருத்துவரைப் பார்த்தால் ஒரு மாத்திரை கூடுதலாகக் கொடுத்து அனுப்புவார்கள், நள்ளிரவு ஓட்டம் மிச்சம். அந்த ஓட்டம் வந்தே விட்டால், நோயாளியைப் படுக்கவைக்காதீர்கள். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு நிமிர்ந்து உட்காரவையுங்கள். தண்ணீர் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலிமாத்திரைகள் இவர்களுக்குக் கருவாட்டைவிட மோசம். டைக்ளோஃபினாக் போன்றவை நீரைத் தேக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கடைக்காரரிடம் "எனக்கு இதய நோய் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வாங்குங்கள்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் இரண்டு ரத்த இளக்கி மாத்திரைகளைச் சேர்த்து வழக்கமாக ஓர் ஆண்டு எடுக்க வேண்டியிருக்கும். பல் பிடுங்க வேண்டும் என்று பல் மருத்துவர் சொன்னதற்காகவோ, சபரிமலைக்கு மாலை போட்டதற்காகவோ, மாத்திரை தீர்ந்து திங்கட்கிழமை வாங்கலாம் என்றோ நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறையும். அப்படி உறைந்தால் வரும் மாரடைப்பு முதல் மாரடைப்பைவிடக் கொடியது. இதய மருத்துவரைக் கேட்காமல் வேறு எந்த மருத்துவர் சொல்லியும் நிறுத்தக்கூடாது.

வால்வு நோயைப் பற்றி ஒரே ஒரு விஷயம். சிறுவயதில் தொண்டைப்புண்ணும் மூட்டு வீக்கமும் வந்து இதய வால்வு சுருங்கிய பெண்கள் இன்னும் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். பலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே முதல் கர்ப்பத்தில்தான் தெரிகிறது. கர்ப்ப காலத்தில் உடலின் ரத்த அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது, சுருங்கிய வால்வால் அதைக் கடத்த முடிவதில்லை. பாகூர்ப் பக்கத்திலிருந்து ஏழாம் மாதத்தில் வந்த ஒரு பெண், வாயில் ரோஜா நிற நுரையோடு வந்தார். பலூனால் வால்வை விரித்துத் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினார்கள். கர்ப்பிணி "மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது" என்றால் எல்லாக் கர்ப்பிணிக்கும் அப்படித்தான் என்று சொல்லிவிடாமல் ஓர் எக்கோ எடுத்துவிடுங்கள். பென்சிலின் ஊசி மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடச் சொல்லியிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தவணையும் தவறக்கூடாது.

என் தெருவில் இதய நோயாளி இருக்கும் வீடுகளுக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கதவின் உட்புறம் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். நோயின் பெயர், எடுக்கும் மாத்திரைகளும் அளவும், ஸ்டென்ட் வைத்த தேதி, கடைசி எக்கோவின் எண், ஒவ்வாமை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்பது. பழைய ஈசிஜியின் பிரதி ஒன்றும் அதோடு. புதிய ஈசிஜியில் தெரியும் மாற்றம் இன்று வந்ததா, ஏற்கெனவே இருந்ததா என்று மருத்துவர் அதை வைத்துத்தான் சொல்ல முடியும். தாளின் அடியில் ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். அதை அந்த வீட்டுக்காரர்களே நிரப்ப வேண்டும். நாளை காலை அருகிலுள்ள இரண்டு மூன்று மருத்துவமனைகளுக்குப் போய், அரசோ தனியாரோ, இரண்டே கேள்விகள் கேளுங்கள்: இரவு இரண்டு மணிக்கு வந்தாலும் ஈசிஜி எடுத்துப் பார்க்க மருத்துவர் இருப்பாரா? ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி கையிருப்பில் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்று சொன்ன இடத்தின் பெயரை அந்த வரியில் எழுதிவிடுங்கள்.